ரீல்ஸில் பார்த்த களிம்பைப் போடலாமா? தோல் நோயும் சமூக வலைத்தளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறேன். படர்தாமரை, பரு, மங்கு என்று வருகிறவர்களில் நிறையப் பேர் இப்போது டாக்டர் சீட்டை நீட்டுவதில்லை, போனை நீட்டுகிறார்கள். திரையில் ஒரு ட்யூபின் படம், அதற்கு மேல் சிவப்பு எழுத்தில் ‘ஏழே நாளில்’. பின்னால் நாலு பேர் காத்திருக்கும்போது எல்லாவற்றையும் நின்று விளக்க முடிவதில்லை. அதனால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்து வாங்க வர வேண்டாம்.

யூடியூபிலும் இன்ஸ்டாவிலும் தோல் பற்றி வருவதை நம்பலாமா, கூடாதா?

தோலில் ஏதாவது வந்தால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது என்ன? இதற்கு என்ன போடுவது? வீடியோ பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. முதல் கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறது. அதில் சொல்கிற மருந்து சரியானதாகவே இருக்கலாம். உங்கள் தொடையில் இருப்பது அந்த நோய்தானா என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

வட்டமாக, ஓரம் தடித்து, அரிக்கிற ஒரு திட்டை எடுத்துக்கொள்வோம். அது படர்தாமரையாக இருக்கலாம், அது பூஞ்சை. காசு மாதிரி வட்டமாக வரும் கரப்பானாக (எக்ஸிமா) இருக்கலாம், அதில் பூஞ்சையே கிடையாது. சோரியாசிஸாக இருக்கலாம். பிட்டிரியாசிஸ் ரோசியா என்று ஒன்று இருக்கிறது, முதலில் ஒரு பெரிய திட்டு வந்து, அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் முதுகிலும் வயிற்றிலும் சின்னச் சின்னதாகப் பரவும், அதுவாகவும் இருக்கலாம். கரப்பானுக்கு டாக்டர் எழுதுகிற ஸ்டீராய்டு களிம்பைப் படர்தாமரைக்குப் போட்டால் பூஞ்சை செழித்து வளரும். பூஞ்சைக் களிம்பை சோரியாசிஸுக்குப் போட்டால் பெரிய கெடுதல் இருக்காது, ஆனால் மாதக்கணக்கில் காலம் வீணாகும்.

நோயின் பெயர் முக்கியமில்லாத விஷயங்களும் உண்டு. வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் எவ்வளவு தடவுவது, பரு மருந்து பலன் காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பது, சொறிந்தால் தழும்பு கறுப்பாகும் என்பது. இவற்றை நல்ல டாக்டர்கள் அழகாகச் சொல்கிறார்கள், தாராளமாகப் பாருங்கள்.

வீடியோவில் காட்டிய படம் எனக்கு இருப்பது மாதிரியே இருக்கிறதே?

இருக்கும். தோலுக்கு நிறம் மாறுவது, தடிப்பது, உரிவது, கொப்புளிப்பது என்று சில வழிகள்தான் உண்டு. நூற்றுக்கணக்கான நோய்கள் அந்தச் சில வழிகளிலேயே தலைகாட்டுகின்றன.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வலைத்தளத்தில் சுற்றுகிற படங்களில் நிறைய வெள்ளைத் தோலில் எடுத்தவை. ‘இளஞ்சிவப்புத் திட்டு’ என்று அதில் எழுதியிருப்பது நம் நிறத்தில் கருநீலமாகவோ பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். சிவப்பு இல்லை என்பதால் ‘நமக்கு இது இல்லை’ என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அதேபோல், புண் ஆறிய பிறகு நம் தோலில் மாதக்கணக்கில் தங்குகிற கறுப்புத் தடத்தை நோய் இன்னும் போகவில்லை என்று நினைத்து, மேலே மேலே மருந்து போடுகிறவர்களும் உண்டு.

‘ஒரே நாளில் அரிப்பு நின்றது’ என்று ஒரு களிம்பைச் சொன்னார்கள். எனக்கும் நின்றது. அப்புறம் ஏன் திரும்ப வந்தது?

கடையில் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த ட்யூபின் அட்டைப்பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்பவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இந்த மாதிரி ட்யூப்களில் ஸ்டீராய்டோடு ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு பாக்டீரியா மருந்தும் சேர்ந்தே இருக்கும். எது வந்தாலும் அடிக்கட்டும் என்கிற கணக்கு. அரிப்பை ஒரே நாளில் நிறுத்துவது அதிலிருக்கும் ஸ்டீராய்டு. தோலின் எதிர்ப்பை அது அடக்கிவிடுவதால் சிவப்பும் அரிப்பும் போய்விடும், பூஞ்சை மட்டும் அங்கேயே இருக்கும். காவல்காரரைத் தூங்கவைத்துவிட்டு வீடு அமைதியாக இருக்கிறது என்று சொல்கிற கதைதான். களிம்பை நிறுத்தியதும் திட்டு முன்பைவிடப் பெரிதாகத் திரும்பும், வட்டத்துக்குள் வட்டமாக வரும். சில சமயம் படர்தாமரையின் அடையாளமே தெரியாத அளவுக்கு உருமாறிப்போகும். அப்போது டாக்டருக்கே பார்த்தவுடன் பிடிபடாது.

தொடையிடுக்கிலும் அக்குளிலும் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு மாதிரி வரிவரியாக வெடிக்கும். அந்த வரிகள் பிறகு போவதே இல்லை.

இப்போது இந்தியா முழுக்கப் படர்தாமரை பிடிவாதமாக இருக்கிறது. டிரைக்கோபைட்டன் இன்டோட்டினியே என்று 2020-ல் பெயர் வைத்த ஒரு பூஞ்சை வகைதான் பல இடங்களில் காரணம். வழக்கமாகப் பலன் தரும் டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்கு அது பலருக்குக் கட்டுப்படுவதில்லை. கண்ட ஸ்டீராய்டு கலவைகளைப் போட்டதும், பாதியில் மருந்தை நிறுத்தியதும் இது இப்படிப் பரவ உதவியிருக்கிறது என்பது தோல் டாக்டர்கள் பரவலாகச் சொல்வது.

வீடியோவில் சொல்லாத வேலைகளும் உண்டு. வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ எல்லோரும் ஒரே நேரத்தில் மருத்துவம் பார்க்க வேண்டும். ஒரு துண்டை நாலு பேர் துவட்டக் கூடாது. வேர்த்த ஜீன்ஸை மறுநாளும் மாட்டக் கூடாது. பாவாடை நாடா இறுக்குகிற இடுப்பில் வந்தவர்கள் அந்த நாடாவைக் கொஞ்சம் தளர்த்திக் கட்ட வேண்டும், ஈரப் பாவாடையோடு அடுக்களையில் நிற்கக் கூடாது. திட்டு மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை போட வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் நம்ம ஊரில் இதெல்லாம் லேசான காரியம் இல்லை, தெரியும்.

அவ்வளவு கெடுதல் என்றால் மருந்துக்கடையில் ஏன் கேட்டவுடன் கொடுக்கிறார்கள்?

நியாயமான கேள்வி, எங்கள் தொழிலைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை எச்-இல் சேர்த்தது. அதாவது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பெட்டியின் ஓரத்தில் சிவப்புக் கோடும் எச்சரிக்கையும் இருக்கும். சட்டம் இருக்கிறது. சின்ன ட்யூப், குறைந்த விலை, வாங்குகிறவர் தெரிந்தவர், இல்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போவார். இந்தக் கணக்கில்தான் சட்டம் தோற்கிறது. அடுத்த முறை ‘சீட்டு இருக்கா?’ என்று ஒரு கடைக்காரர் கேட்டால் கோபப்படாதீர்கள்.

பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறது. ஒரு மாதத்தில் நிறம் ஏற்றும் கிரீம் என்று ஒன்று காட்டுகிறார்கள். பாதுகாப்பானதா?

நம் பக்கத்தில் இது வெறும் ஆன்லைன் விஷயமாக நின்றுவிடுவதில்லை. சிங்கப்பூர், மலேசியா, துபாயிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவருகிறார்கள். ‘அங்கே எல்லாரும் இதைத்தான் போடுறாக’ என்று ஆச்சி ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டால் அதற்கு மேல் அத்தாட்சி எதற்கு?

ஒரு மாதத்தில் நிறத்தைக் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாற்றுகிற கிரீமில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கும்: வீரியமான ஸ்டீராய்டு, அளவு மீறிய ஹைட்ரோகுவினோன், அல்லது பாதரசம். ஸ்டீராய்டு முகத்தை முதலில் பளபளப்பாக்கும். பிறகு பரு, மெல்லிய ரத்தக் குழாய்கள், மீசை தாடி இடத்தில் முடி, வெயிலில் நின்றாலே எரிச்சல் என்று வரிசையாக வரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், அதனால் நிறுத்தவும் பயப்படுவார்கள்.

பாதரசம் இன்னும் மோசம். அது சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், வெளுப்பு கிரீம் போட்டுவந்தவர்களிடம் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய் வந்ததை அங்குள்ள டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். 2023-ல் செய்தியாகவும் வந்தது. கால் வீங்கியபோது யாருக்கும் முகத்துக்குப் போட்ட கிரீம் நினைவுக்கு வரவில்லை. முகத்தில் பூசுவது முகத்தோடு நிற்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலே இல்லாத டப்பா வேண்டாம். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண், இங்கே இறக்குமதி செய்தவரின் முகவரி இரண்டும் லேபிளில் இருக்க வேண்டும். ‘மெர்குரி’, ‘கலோமெல்’ என்ற பெயர்களைத் தேடுங்கள். ‘தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று ஒரு முகக் கிரீமில் எழுதியிருந்தால் அதை அந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டும், அதற்காகத்தான் அந்த எச்சரிக்கை. கழுத்து நிறைய நகை போடுகிற கல்யாணத்துக்கு அது எப்படி ஒத்துவரும்?

மங்கு, பரு, கரும்புள்ளி என்று உண்மையில் ஏதாவது இருந்தால் நாலைந்து மாதம் முன்னாலேயே தோல் டாக்டரிடம் போங்கள். நிறம் குறைவு என்பதற்கு மருந்து வாங்க வந்தால் என்னிடம் மருந்து இல்லை.

எலுமிச்சை, சமையல் சோடா, பற்பசை?

வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுத்துப்போகும். அதன் தோலிலும் சாற்றிலும் இருக்கும் ஒரு பொருளும் வெயிலின் புறஊதாக் கதிரும் சேர்ந்து செய்கிற வேலை அது. சமையல் சோடா காரம், தோலின் மேற்பரப்பு லேசான அமிலம், இரண்டும் ஒத்துப்போகாது. பற்பசை பருவைக் காயவைப்பது மாதிரித் தெரியும், சுற்றிலும் புண்ணாக்கும்.

சமையலறையில் இருப்பதெல்லாம் கெட்டது என்று சொல்லவில்லை. வறண்ட காலுக்குக் குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவினால் நல்லது, வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் தடவினால் குளுகுளு என்று இருக்கும். ஆனால் பரு வருகிற முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது. வீட்டில் இருப்பதாலேயே ஒன்று சாதுவாகிவிடாது.

அக்கிக்கு எழுதினால் போதும் என்று ஒரு வீடியோ லட்சக்கணக்கில் ஓடுகிறது. டாக்டரிடம் போக வேண்டுமா?

நம் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்காக: அக்கி வந்தால் மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குப் போய், காவியைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றி எழுதிக்கொள்வார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் போவார்கள். அதன் மீதுள்ள நம்பிக்கையைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால் வீடியோவில் சொல்லாதது இது. அக்கி என்பது சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி நரம்பில் படுத்திருந்து பிற்காலத்தில் எழுந்திருப்பது. கொப்புளம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே காய்ந்துவிடும், எழுதினாலும் எழுதாவிட்டாலும். வீடியோவுக்குக் கிடைக்கிற வெற்றி அந்தத் தானாகக் காய்வதுதான். கஷ்டம் அதற்குப் பிறகு வருகிற நரம்பு வலி. 60 வயது தாண்டியவர்களுக்குச் சட்டை உரசினாலே துடிக்கிற அளவுக்கு மாதக்கணக்கில் இருக்கலாம். அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் மாத்திரைகள் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். முதல் நாள் எழுதி, மூன்றாம் நாள் மறுபடி எழுதி, வாரம் கழித்து வலி தாங்காமல் கடைக்கு வந்தால் அந்த நேரம் போயிருக்கும். முதலில் டாக்டர், அப்புறம் வேண்டுமானால் வேளார் வீடு. வெடித்த கொப்புளத்தின் மேல் மட்டும் எதையும் குழைத்துப் பூச வேண்டாம், சீழ் பிடிக்கும்.

நெற்றியில், மூக்கு நுனியில், கண் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே போங்கள். கண் பார்வை சம்பந்தப்பட்டது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அப்படியே. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதற்கான தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, விலைதான் கூடுதல்.

இன்னொன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் முற்றத்து விளக்கைச் சுற்றி வருகிற ஒரு மெல்லிய பூச்சி, கறுப்பும் ஆரஞ்சும் கட்டம் கட்டமாக இருக்கும். கழுத்தில் ஊரும்போது தட்டி நசுக்கிவிட்டால் மறுநாள் கோடு போட்டது மாதிரி எரிந்து கொப்புளிக்கும். இதையும் அக்கி என்றே எழுதிக்கொள்கிறார்கள். அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும், பெரும்பாலும் முன்னாலேயே வலி இருக்கும். பூச்சிக் காயம் தூங்கி எழுந்ததும் திடீரென்று தெரியும், முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரண்டு பக்கமும் அச்சு எடுத்தது மாதிரி விழும். பூச்சி ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கை வெடிப்புக்கு வீடியோவில் சொன்ன எல்லாம் போட்டும் ஆறவில்லை. ஏன்?

என்ன வேலை செய்கிறீர்கள் என்று அந்த வீடியோ கேட்டிருக்காதே. ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் ஓடு) செய்கிறவர் கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு நாள் முழுக்கக் கையால் வேலை செய்கிறார். ஈரச் சிமெண்டின் காரம் தோலை அரிக்கும், அதிலிருக்கும் குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையைக் கொடுக்கும். எந்தக் களிம்பு போட்டாலும் மறுநாள் அதே சிமெண்டில் கை வைத்தால் ஆறாது. பலகாரம் போடுகிற ஆச்சிமாருக்கு மாவும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும், தோடும் வளையலும் கவரிங்கில் போடுகிறவர்களுக்கு அதிலுள்ள நிக்கல், தலைக்குச் சாயம் அடிப்பவர்களுக்கு அதிலுள்ள பி.பி.டி. என்ற ரசாயனம். இதையெல்லாம் தோல் டாக்டர் கேட்டுத்தான் கண்டுபிடிப்பார். சந்தேகம் தீராவிட்டால் முதுகில் சின்னச் சின்ன ஒட்டுப் போட்டு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கிற பரிசோதனையும் இருக்கிறது.

பேசுகிறவரே டாக்டர் என்றால் நம்பலாம்தானே?

எந்த டாக்டர் என்று பாருங்கள். தோலுக்குப் படித்தவர் பெயருக்குப் பின்னால் எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., டி.என்.பி. மாதிரி ஒன்று இருக்கும். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’, ‘ஸ்கின் எக்ஸ்பர்ட்’ என்பதெல்லாம் சில வாரப் பயிற்சி முடித்தவரும் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் இருந்தால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையப் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம்.

உடல்நலம் பற்றிப் பேசுகிற பிரபலங்களுக்கு மத்திய நுகர்வோர் துறை 2023 ஆகஸ்டில் விதிமுறை கொண்டுவந்தது. டாக்டர் என்றால் தன் தகுதியைச் சொல்ல வேண்டும், டாக்டர் இல்லாமல் நிபுணர் மாதிரிப் பேசுகிறவர் இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்றில்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். காசு வாங்கிக்கொண்டு போடுகிற பதிவில் விளம்பரம் என்று காட்ட வேண்டும் என்பது விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு 2021-லேயே சொன்னது. இதில் எதுவும் காட்டாமல், கடைசியில் ‘லிங்க் பயோவில்’ என்று முடிகிற வீடியோ எனக்கு விற்பனைதான், பேசுகிறவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும்.

முன், பின் என்று படமே போடுகிறார்களே?

‘முன்’ படம் டியூப்லைட் வெளிச்சத்தில், பக்கவாட்டில், எண்ணெய் வழிய. ‘பின்’ படம் ஜன்னல் வெளிச்சத்தில், பவுடர் போட்டு, சிரித்துக்கொண்டு. போன் கேமராவே கேட்காமல் தோலை மெழுகிக் கொடுக்கிற காலம் இது.

படம் நேர்மையானது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பிட்டிரியாசிஸ் ரோசியா ஆறு முதல் எட்டு வாரத்தில் தானாகப் போகும். குழந்தைகளின் மரு பலருக்கு ஓரிரு வருடத்தில் தானாக விழும். கரப்பானும் சோரியாசிஸும் ஏறி இறங்கும் தன்மை உள்ளவை. ஏறி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் புதிதாக ஒன்றைத் தேடிப் போவார், அதன் பிறகு இறங்கும்போது புகழ் கடைசியாகப் போட்டதற்குப் போகும். குணமாகாதவர்கள் வீடியோ போடுவதில்லை.

வெண்புள்ளியை மூன்றே மாதத்தில் அடியோடு நீக்குவதாகச் சொல்கிறார்கள்...

அப்படி விளம்பரம் செய்வதே குற்றம். 1954-ம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் சட்டத்தின் பட்டியலில் வெண்புள்ளி இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரப்படுத்தக் கூடாது. சட்டம் பத்திரிகை விளம்பரக் காலத்தில் வந்தது, ஆனாலும் ரீல்ஸுக்கு விலக்கு கிடையாது.

மருத்துவம் இருக்கிறது. களிம்புகள், குறிப்பிட்ட அலைநீளப் புறஊதா ஒளிச் சிகிச்சை, நோய் பரவாமல் நின்றபின் அறுவைச் சிகிச்சை. முகத்தில் சீக்கிரம் நிறம் திரும்பும், விரல் நுனியில் கஷ்டம், எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஒட்டாது, தொற்றாது, சாப்பாட்டினால் வராது. நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற இடத்தில் மட்டும் வெளுத்தால் அந்தப் பசையிலுள்ள ரசாயனம் காரணமாக இருக்கலாம், பொட்டை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

தேமலுக்கு வீட்டு வைத்தியம் பார்த்துச் செய்யலாமா?

ஒரு காரியம் செய்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை நூலாகத் திரித்து அந்த வெளிறிய இடத்தை மெல்லத் தொடுங்கள், பக்கத்து நல்ல தோலையும் தொடுங்கள். நல்ல தோலில் தெரிந்து, தேமலில் தெரியவில்லை என்றால் பூஞ்சை மருந்து தேட வேண்டாம், நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோயாக இருக்கலாம். கூட்டு மருந்து இலவசம். வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் முழுவதும் குணமாகும், மருந்து தொடங்கியவுடனேயே மற்றவர்களுக்குப் பரவுவதும் நின்றுபோகும். தாமதித்தால் கெடுவது நரம்பு, அது திரும்பாது. ‘தேமல் மறைய’ என்று வருகிற வீடியோக்களில் இந்தப் பஞ்சு சோதனையைச் சொல்வதை நான் அரிதாகவே பார்க்கிறேன், அதனால்தான் இங்கே எழுதினேன்.

சித்த மருத்துவ வீடியோக்கள்?

சித்தத்துக்குப் படிப்பு இருக்கிறது, பி.எஸ்.எம்.எஸ். பட்டம் இருக்கிறது, பதிவு இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் பிரிவு இருக்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து ஊதா நிறமாக எடுக்கிற தைலத்தை சோரியாசிஸுக்கு அங்கே நெடுங்காலமாகத் தருகிறார்கள். போக விரும்பினால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் நேரில் போங்கள். என் சந்தேகமெல்லாம் கூரியரில் வருகிற, பெயரில்லாத பொடி பற்றித்தான். ‘மூலிகை’ என்ற பெயரில் வருகிற சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் அகப்பட்டிருக்கிறது. சோரியாசிஸ்காரர் உள்ளுக்கு ஸ்டீராய்டு சாப்பிட்டு, பொடி தீர்ந்ததும் திடீரென்று நிறுத்தினால் உடம்பு முழுக்கச் சிவந்து உரிந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரலாம்.

ஒரே நோய் உள்ளவர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். அதில் வரும் சீட்டைப் பார்த்து வாங்கலாமா?

குழுவில் இருங்கள், மனசுக்குத் தெம்பு. சீட்டை மட்டும் கடன் வாங்காதீர்கள். சோரியாசிஸுக்கு எழுதுகிற மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. யாருடைய சீட்டையோ பார்த்து அதைத் தினமும் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிரே போயிருக்கிறது. பருவுக்குத் தோழி சாப்பிட்ட ஐசோட்ரெட்டினாயின் கர்ப்பத்திலிருக்கும் குழந்தைக்குக் கடும் ஊனத்தை உண்டாக்கும், நிறுத்தி ஒரு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது. ‘அவளுக்குக் கேட்டுச்சே’ என்பது அவளுடைய ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துத்தான்.

ஏ.ஐ. செயலியில் போட்டோ போட்டுக் கேட்டால்?

டாக்டரிடம் என்ன கேட்பது என்று தயார் செய்ய உதவும். மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மங்கலான ஒரு போட்டோவை வைத்து அதுவும் ஊகிக்கத்தான் செய்கிறது, தொட்டுப் பார்க்கவோ சுரண்டிப் பார்க்கவோ அதனால் முடியாது. வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச வேண்டுமானால் அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது, கட்டணம் இல்லை.

நம்ம ஊரிலிருந்து எங்கே போவது? என்ன கொண்டுபோவது?

முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது காரைக்குடி அரசு மருத்துவமனை. தோல் துறைக்கு என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி, பெரிய சிக்கல் என்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனை.

பூஞ்சை என்று சந்தேகப்பட்டால் திட்டின் ஓரத்தை மழுங்கிய கத்தியால் லேசாகச் சுரண்டி, அந்தத் தூளைக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் மெல்லிய நூல் மாதிரித் தெரியும். வலிக்காது. இதற்காகத்தான் போகிற அன்று காலையில் களிம்பு, பவுடர் எதுவும் போடாமல் போகச் சொல்கிறேன். திட்டு மோசமாக இருந்த நாளில் எடுத்த போட்டோ இருந்தால் காட்டுங்கள், அதற்குப் போன் உண்மையிலேயே பயன்படும்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

புதிதாக ஒரு மாத்திரை சாப்பிட்ட சில நாளில் அல்லது வாரத்தில் காய்ச்சலோடு தோல் வலித்து, வாயிலும் கண்ணிலும் புண் வந்தால். உதடும் முகமும் வீங்கி மூச்சு திணறினால். கால் சிவந்து சூடாகி, மணிக்கு மணி மேலே ஏறினால், அதுவும் சர்க்கரை நோய் இருந்தால். இதில் எதற்கும் போனைத் திறக்காதீர்கள், 108-ஐ அழைக்க மட்டும் திறங்கள்.

இதையெல்லாம் இப்போதுதான் படிக்கிறேன். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் சேர்ந்த அந்த மூன்று மருந்துக் களிம்பை ஏற்கனவே போட்டுக்கொண்டிருக்கிறேன். உடனே நிறுத்திவிடவா?

உடம்பில் நாலைந்து நாள் போட்டிருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். முகத்தில் மாதக்கணக்கில் போட்டிருந்தால் நீங்களாக ஒரேயடியாக நிறுத்தினால் முகம் சிவந்து எரியலாம். அந்த வாரமே தோல் டாக்டரிடம் போய் எவ்வளவு நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று மறைக்காமல் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். ட்யூபைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காலியாக இருந்தாலும் அட்டைப்பெட்டியோடு எடுத்துப் போங்கள், பெட்டி இல்லாவிட்டால் அந்த ரீல்ஸையாவது டாக்டரிடம் காட்டுங்கள்.